இரண்டு மெஷினுக்கும் ஒரே வரிசை

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது படித்தேன், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தேன், அவ்வளவுதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் வராது. நான் எழுதப் போகிறவரோ கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர். அந்தப் படிப்பின் உள்விஷயம் எனக்குத் தெரியாது. தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரை எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. கேட்கலாம் என்றால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது.

நாமக்கல்லில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது பென் டிரைவில் பத்திரிகையோ மனுவோ கொண்டுவந்து கொடுப்பார்கள். என் கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். "எங்க ஊட்டுல நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பார்கள். பொய் இல்லை, அவர்கள் வீட்டில் நன்றாகத்தான் இருந்திருக்கும். அப்போதெல்லாம் எனக்கு அந்த மேடம் ஞாபகம் வருவார்.

செல்போன் வராத காலம். காவிரிக்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் நான் டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தேன். எந்த விவசாயியின் கரும்பை எந்த வரிசையில் வெட்டுவது என்ற பட்டியல்தான் எங்கள் செக்‌ஷனின் முக்கிய வேலை. விவசாயிகள் பதிவு செய்த விவரத்தை, அடித்துச் சேர்க்க மட்டுமே தெரிந்த ஒரு மெஷினில் நான் அடிப்பேன். அது பிளாப்பியில் ஏறி, பார்சலில் சென்னைக்குப் போகும். அங்கே ஒரு ஹால் அளவுக்குப் பெரிய கம்ப்யூட்டர் இருந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் கழித்து அகலமான தாளில் பட்டியல் அச்சாகி வரும். அதைப் பார்த்து வெட்டு உத்தரவு எழுதுவார்கள்.

ஒரு வருடம் ஆலைக்கே ஒரு சின்ன கம்ப்யூட்டர், மேசை மேல் வைக்கிற மாதிரியானது, வாங்கினார்கள். இனிமேல் பட்டியல் இங்கேயே போடலாம். ஆனால் முதல் அரவைப் பருவத்தில் அதை மட்டும் நம்ப நிர்வாகத்துக்குத் தைரியம் இல்லை. கரண்ட் போனாலோ, மெஷின் படுத்தாலோ சென்னையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் ஒரே புரோகிராம் இரண்டிலும் ஓட வேண்டும், இரண்டிலும் ஒரே பட்டியல் வர வேண்டும் என்றார்கள். அதை எழுதுவதற்காகத்தான் மேடம் வந்தார்.

சேலம் டவுனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். கழுத்தில் மெல்லிய செயினில் ஒரு சின்னச் சிலுவை, தோளில் துணிப்பை, பைக்குள் கட்டம் போட்ட தாள் கட்டு. முதலில் தாளில் பென்சிலால் எழுதி, ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கீபோர்டுக்குப் போவார்.

அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் உண்டு. "அது உங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?" நாங்கள் எதையாவது "அது எப்பவும் அப்படித்தான் மேடம்" என்று சொன்னால் உடனே இது வரும். அது என்பது மெஷின். ஆனால் நாளாக ஆக அந்தக் கேள்வி மெஷினோடு நிற்கவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது.

டீ சொல்வதே ஒரு கதை. அட்டெண்டர் அண்ணன் மாணிக்கம் கேட்பார், "மேடம், டீங்களா?"

"ஒரு டீ. பால் போட்டு. சக்கரை இல்லாம. கண்ணாடி டம்ளர்ல."

"நேத்தும் இதையேதானுங்க சொன்னீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

"உங்களுக்குத் தெரியும் அண்ணே. இன்னிக்கு நீங்க போகாம வேற ஆளு போனா?"

"நாந்தானுங்க போறேன், வேற ஆரு போவா இந்த வெயில்ல." பிறகு வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக் கேட்பார், "ஏனுங்க மேடம், கோயில்ல சாமிகிட்டயும் இப்புடித்தான் வெவரமாக் கேப்பீங்களா?"

"சாமிக்கு எல்லாம் தெரியும். அதனால அங்க சுருக்கமா முடிச்சுடுவேன்."

குறிப்பு எழுதி வைத்தால் 'நாளை வருவேன்' என்று எழுதமாட்டார். 'வெள்ளிக்கிழமை வருவேன்' என்றுதான் இருக்கும். அதை மறுநாள் ஒருவர் எடுத்துப் படித்தால் நாளை என்பது வேறு நாள் ஆகிவிடுமாம். ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். வழி எழுதிக் கொடுத்த தாளில் இடது, வலது என்ற சொல்லே இல்லை. "தண்ணீர் டேங்க் தெரியும் பக்கம் திரும்பவும். மாதா சிலை உள்ள கெபி இருக்கும் பக்கமாக நடக்கவும். பச்சை கேட்." ஏன் மேடம் லெஃப்டு ரைட்டு போடவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எந்தப் பஸ்ல வருவீங்கன்னு எனக்குத் தெரியாதே. ஓமலூர்ப் பக்கம் இருந்து வந்தா ஒன்னு, டவுன் பக்கம் இருந்து வந்தா ஒன்னு. டேங்க் மாறாது."

நான் வழி தவறி வேறு பஸ்ஸில் ஏறி எதிர்ப்பக்கமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். யாரிடமும் கேட்காமல் வீட்டைக் கண்டுபிடித்தேன். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பது என் மாதிரி ஆளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

புரோகிராமையும் அப்படித்தான் எழுதினார். சின்ன மெஷினில் திரையில் கலர் வரும், பெட்டி வரும், எழுத்து மின்னும். எங்கள் சூப்பர்வைசருக்கு அதெல்லாம் வேண்டும். நாமக்கல்லில் ஒரு பையன் கோழிப்பண்ணைக்கு அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறானாம்.

"வெறும் வெள்ளெழுத்தா இருக்குதுங்களே மேடம். ஒரு அழகு வேண்டாமுங்களா?"

"அந்த அழகு பெரிய மெஷின்ல கிடையாது சார். இங்கயே நின்னுடும். பட்டியல் அங்கயும் போகணும்."

மெஷினுக்கு மெஷின் மாறுகிற விஷயங்கள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்றார். அவற்றையெல்லாம் தேடிப் பிடித்து முதல் பக்கத்திலேயே ஓர் இடத்தில் அடைத்து வைத்தார். மீதிப் பக்கங்களில் எந்த மெஷின் என்ற நினைப்பே இருக்கக்கூடாதாம். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'பெரியது', மறுபக்கம் 'சின்னது' என்று எழுதி, இரண்டும் எதில் வேறுபடுகின்றன என்று குறித்து வைத்திருந்தார். புரோகிராமைவிட அந்த நோட்டில்தான் அதிக நேரம் செலவானது என்று நினைக்கிறேன்.

இனி ஜேடர்பாளையத்துக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஏக்கர் கரும்புக்காரர். எங்கள் ஜன்னலுக்கு ஒவ்வொரு பருவமும் வந்து நிற்பார். கோபப்படமாட்டார், ஆனால் பேச்சு குத்தும்.

"ஏனுங்க அம்மணி, என்ற நம்பரு எங்கீங்க நிக்குது?"

அந்த வருடம் சென்னையிலிருந்து வந்திருந்த உத்தேசப் பட்டியலைப் பார்த்து, "இருபத்திமூணுங்க" என்றேன்.

"பதிஞ்சப்ப ஒம்பதுன்னு சொன்னீங்க. கரும்புக்குக் காலு மொளச்சுப் பின்னால நடக்குதுங்களா?"

முந்தின வருடம் அவர் கரும்பு வெட்டுப்படாமல் நின்று, பூ விட்டு, உள்ளே சக்கையாகிவிட்டது. "இந்த வருசமும் இப்புடியே ஆச்சுன்னா புடுங்கிப்போட்டுக் குச்சிக்கிழங்கு நட்டுருவேனுங்க. எங்கப்பா காலத்துல இருந்து வெச்ச கரும்பு" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் வரிசை ஏன் பின்னால் போனது என்பது எனக்குத் தெரியும். அதுதான் என் கஷ்டம்.

பதிவு எண் வெறும் எண்தான். பதிந்த வரிசைப்படி வெட்டு. ஆனால் தீப்பிடித்து எரிந்த கரும்பு நிற்காது, உடனே வெட்டியாக வேண்டும். அதற்காக எண்ணுக்கு முன்னால் 'ஏ' என்று ஆங்கில எழுத்து ஒன்றைப் போடும் வழக்கம் இருந்தது. ஏ என்றால் அவசரம். ஏ போட்டால் பட்டியலில் மேலே வரும். கரும்பு அதிகாரி மேசையிலிருந்து சின்னச் சீட்டில் எண் வரும், நான் ஏ சேர்த்து அடிப்பேன். ஆரம்பத்தில் வருடத்துக்கு இரண்டு, மூன்று வந்தன. பிறகு ஆறு, எட்டு. அந்த வருடம் பதினான்கு. அத்தனை கரும்புக் காடு எரிந்திருந்தால் புகை எங்கள் ஊர் வரை வந்திருக்கும். நான் கேட்கவில்லை. சீட்டு வந்தால் அடிப்பதுதான் என் வேலை என்று இருந்தேன்.

மேடம் புரோகிராமை முடித்ததும், அந்தப் பருவத்துக்குப் பதிந்திருந்த விவரத்தை இரண்டு மெஷினிலும் ஓட்டிப் பார்த்தார்கள். சென்னைத் தாள் என் கையில், இங்கே அச்சான தாள் அவர் கையில். நான் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படிக்க வேண்டும், அவர் டிக் அடிப்பார். எனக்கு அதுவே கூச்சமாக இருந்தது. முதல் எண்ணைப் படித்தேன், டிக் இல்லை. இரண்டாவது, டிக் இல்லை. அவர் தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பதினான்கு ஏ-யும் அங்கே அடியில் கிடந்தன.

"சின்ன மெஷின் தப்பாப் போட்டுருச்சுங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"ரெண்டும் தப்பில்லை சார். பெரியதுல எழுத்து முதல்ல, எண் அப்புறம். சின்னதுல எண் முதல்ல, எழுத்து அப்புறம். அது அதோட பழக்கம். ஏ-ன்னா மேல வரணும்னு யாருமே எதுக்குமே சொல்லல. இத்தனை வருசம் தானா வந்திருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த ஏ எல்லாம் எதுக்கு?"

"அவசரமுங்க."

"பதினாலுமா?"

அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

அன்று மதியமே கரும்பு அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி கெட்டவர் இல்லை. நாளெல்லாம் போனில் யாராவது ஓர் ஆலை இயக்குநர் அவரைப் பிடித்துக்கொண்டிருப்பார். களைத்த மனுஷர்.

"ஏ போட்டா முதல்ல வரோணும் மேடம். அவ்வளவுதானுங்க. சின்ன வேலை" என்றார்.

"சின்ன வேலைதான் சார். ஆனா எது அவசரம்னு சொல்லுங்க."

"எரிஞ்ச கரும்பு."

"அது மட்டுமா?"

"அப்பறம் அங்கங்க சூழ்நிலை பாத்துப் போடுவோமுங்க."

"நீங்க பாக்கறதை மெஷின் எப்படி சார் பாக்கும்?"

மாணிக்கம் அண்ணன் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டு வெளியே போனார்.

"எதெல்லாம் முன்னால வரணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. எத்தனை இருந்தாலும் போட்டுடறேன். ரெண்டு மெஷினுக்கும் அதைச் சொல்லிடணும், அவ்வளவுதான்" என்றார் மேடம். குரலில் குத்தல் எதுவும் இல்லை. டீ சொல்லும் குரல்தான்.

மூன்று நாள் தாள் வரவில்லை. பருவம் தொடங்கப் போகிறது, பட்டியல் இல்லை. நாலாம் நாள் வந்தது. 'தீப்பிடித்து எரிந்த கரும்புக்கு முன்னுரிமை.' ஒரே வரி. கையெழுத்துப் போட்டு எழுதக்கூடியது அது ஒன்றுதான் இருந்திருக்கிறது. மேடம் இரண்டு முறை படித்துவிட்டு, "வேற எதுவும் இல்லையே சார்?" என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

எழுத்து, எண் வரிசையைப் புரோகிராமிலேயே அவரே எழுதினார். எந்த மெஷின் பழக்கமும் தலையிடாதபடி. கூடவே ஒரு புதுக் கட்டம் சேர்த்தார்: எரிந்த தேதி. தேதி இல்லாத ஏ மேலே போகாது. அந்தத் தேதி பட்டியலில் மட்டும் இல்லாமல் வெட்டு உத்தரவுச் சீட்டிலும் அச்சாகும்படி செய்தார். சீட்டில் எதற்கு என்று கேட்டேன்.

"சீட்டு இங்க இருந்து காட்டுக்குப் போகும். அங்க இருந்து எடைமேடைக்குப் போகும். போற எடத்துல எல்லாம் ஏ-ன்னா என்னன்னு தெரியணும் இல்லையா?"

மறுபடி இரண்டு மெஷினிலும் ஓட்டினோம். நான் படிக்க, அவர் டிக் அடிக்க, கடைசி வரை ஒன்று பிசகவில்லை. அவர் பென்சிலை வைத்துவிட்டு ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அதுதான்.

எரிந்தவை மூன்று. அவற்றுக்குத் தேதி வந்துவிட்டது. பட்டியல் போட வேண்டிய நாளுக்கு முந்தின நாள், மாலை நாலு மணி இருக்கும், அதிகாரி மீதிப் பதினோரு சீட்டோடு வந்தார். கூடவே ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, கையில் புல்லட் சாவி. ஆலை இயக்குநர் ஒருவரின் மச்சான்.

"இதுங்களுக்கும் ஒரு தேதி போட்டுரும்மா" என்றார் அதிகாரி.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த மேசையில் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "மேடம்" என்றேன்.

"போடறது உங்க வேலை. நீங்க எதைப் போட்டாலும் பெரியதுலயும் சின்னதுலயும் அதேதான் வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாம் என்று வெகுநாள் நினைத்திருக்கிறேன். அந்த வருத்தம் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எந்தத் தேதி போடுவது என்பதும் நிஜமாகவே தெரியவில்லை.

"எந்தத் தேதிங்க சார் எரிஞ்சுது?"

"ஏதோ ஒன்னு போடும்மா."

"பதினொன்னுக்கும் ஒரே தேதிங்களா?"

அதிகாரி பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு எண்ணுக்குத் தேதி சொன்னார், அடித்தேன். மூன்றாவது பெஞ்சில் இருந்தவருடையது. அவரே எதிரில் இருப்பதால் அவரைப் பார்த்தே கேட்டேன்.

"உங்க காடு எந்தத் தேதிங்க எரிஞ்சுது?"

"ஆரு காடு?"

"உங்க காடுங்க. சீட்டுல தேதி வருமுங்க."

"எந்தச் சீட்டுல?"

"வெட்டு உத்தரவுலீங்க. எடைமேடைக்கும் போகுமுங்க."

அவர் எழுந்துவிட்டார். "ஏனுங்க ஆபீசர், எரிஞ்ச கரும்புன்னு எழுதிக் குடுத்தா எடையில புடிச்சுப்போடுவானுங்களே. என்னுது பச்சக் கரும்புங்க. அதுமில்லாம, என்ற காட்டுக்கு எவனோ தீ வெச்சுட்டான்னு ஊருக்குள்ள பேசமாட்டானுங்களா?"

"தேதி இல்லீன்னா மேல வராதுங்களாமா" என்றார் அதிகாரி.

"வராட்டிப் போவுது. என்ற சீட்டக் குடுங்க."

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். புல்லட் கிளம்பும் சத்தம் கேட்டது. "முதல்ல போட்ட ரெண்டையும் எடுத்துரும்மா" என்று சொல்லிவிட்டு, அதிகாரி மீதிச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

பஸ் நிற்கும் இடத்தில் மேடத்திடம் கேட்டேன், எரிந்த கரும்புக்கு எடையில் பிடித்தம் உண்டு என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று.

"ஏ-ன்னா என்னன்னு கேட்டேன். அவங்க சொன்னதை எழுதினேன்" என்றார். சேலம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

அது பதில் இல்லை. எடைமேடைப் படிவத்தை வாங்கி வரி வரியாகப் படித்து, தன் நோட்டில் குறித்துக்கொண்டவர் அவர். தெரியாமல் இருந்திருக்காது. எதையும் சொல்லாமல் விடாத ஒருவர் என்னிடம் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை பட்டியலை மாணிக்கம் அண்ணன் போர்டில் ஒட்டினார். எரிந்த காடு மூன்று, அதற்குக் கீழே எண்கள் வரிசையாக. ஜேடர்பாளையத்துக்காரர் பன்னிரண்டாவது. மதியம் மூன்று மணிக்கு என்னைக் கம்ப்யூட்டரிலிருந்து எடைமேடைக்கு மாற்றி உத்தரவு வந்தது. அதில் காரணம் எழுதவில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.